பன்னிரண்டாவது வாரத்து முயல்

நான் ஒரு முட்டாள். அதிலும் படித்த முட்டாள். படிக்காதவன் முட்டாள்தனம் பண்ணினால் அவனோடு போய்விடும். படித்தவன் பண்ணினால் அதற்கு ஆதாரமும் காட்டுவான். நான் காட்டினேன். அதுவும் ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த என் அக்காவிடம்.

மானாம்பதி ரோட்டில் புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்தவள், குறுக்கே வந்த ஆட்டைக் காப்பாற்றப் போய் முழங்காலுக்குக் கீழே எலும்பை நொறுக்கிக்கொண்டாள். (ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது என்று மாமாவுக்கு இன்றும் வருத்தம்.) எலும்பில் விழுந்த இடைவெளியைப் பீங்கான் துகள் வைத்து நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டவேண்டியதுதான் என்றார் டாக்டர். அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

"பீங்கானா? நான் இன்னா டீ கப்பா? உள்ளாறவே ஒடைஞ்சி வெஷமாச்சின்னா?"

மாமா எனக்குப் போன் போட்டார். "மச்சான், நீ அந்த வேலையிலதான கீற? வந்து சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டேன்றா."

அந்த வேலையில்தான் இருந்தேன். எலும்புக்கு வைக்கிற பீங்கான் உடம்புக்கு ஆகுமா, ஆகாதா என்று சோதித்துப் பார்ப்பது என் உத்தியோகம். (வீட்டில் 'பையன் கப்பு சாசர் கம்பெனியில கீறான்' என்றுதான் சொல்லிவந்தார்கள்.) முதல் தடவையாக என் படிப்பு குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

போய் நின்று பிரசங்கம் செய்தேன். பீங்கான் ஊறின நீரில் உயிரணுக்களை வளர்ப்போம், சாகாது. ரத்தத்தில் போடுவோம், கெடாது. பந்தலில் அவரைக்கொடி ஏறுகிற மாதிரி எலும்பு அதன்மேல் படரும். பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டார். அக்காவின் முகம் இளகியது. பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"மொயலுக்குக்கூட வெச்சிப் பாத்தோம்கா. பன்னண்டு வாரம். எலும்பு ஜம்முனு சேந்துகிச்சி."

"அதுங்கல்லாம் இப்ப எங்க கீது?"

பொய்யே சொல்லமாட்டேன் என்பது அப்போது என் பெருமை. "பன்னண்டாவது வாரம் கொன்னுடுவோம்கா. எலும்ப எடுத்து உள்ள பாக்கணும்ல?"

பேனா தரையில் உருண்டது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் (அவருக்கு வெறும் கைக்கட்டுதான்) மனைவியைக் கூப்பிட்டு, "நம்மள டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லு" என்றார்.

"பேஜார் பண்றதுக்குன்னே வந்தியாடா?" அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டுப்போட்ட காலைப் பார்த்தேன். என்னை சைக்கிள் பின்னால் உட்காரவைத்து, எதிர்காற்றில் பள்ளிக்கூடம்வரை மிதித்த கால். நான் படித்ததெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான்கா அதுங்களுக்குத் தீனி வெப்பேன். ஒண்ணு, எட்டாவது வாரம் கூண்டத் தெறந்ததும் ஓடிச்சி பாரு! புடிக்கப் போயி நான்தான் வழுக்கி விழுந்து பல்ல ஒடைச்சிக்கினேன். அதுக்கு நாள் வந்தப்ப லீவு போட்டுட்டு ரூம்ல அழுதுக்கினு இருந்தேன்."

அக்கா சுவரைப் பார்த்தபடியே, "எந்தப் பல்லு?"

காட்டினேன். திரும்பிப் பார்த்தாள்.

"பஸ்ல விழுந்தேன்னு சொன்ன?"

(பெருமை அவ்வளவுதான்.)

அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொயலு ஓடிச்சின்னா நானும் ஓடறேன். பேனா எங்கடா?" என்றாள்.

எலும்பு சேர்ந்தது. பன்னிரண்டாவது வாரம் ஆசையாகப் பார்க்கப் போனேன். வாசலிலேயே மாமா உள்ளே குரல் கொடுத்தார்: "வாரக் கணக்கு வெச்சிக்கினு வந்துட்டான், அருவாமணைய ஒளிச்சி வை!"

இப்போது அக்கா நடவு நடுகிறாள், அதே மொபெட்டை ஓட்டுகிறாள். போன வாரம் போன் செய்து, "கால் எப்படிக்கா கீது?" என்றேன்.

"மொயலு உசுரோடதான் கீது, போன வையி."