மோந்துபாரு அண்ணனும் ஒழுகிய டேங்க்கும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்த அத்தனை பேருடைய மூக்கையும் தன் சொந்த மூக்காக நினைத்துப் பயன்படுத்திய ஒரே மனிதர் எங்கள் மோந்துபாரு அண்ணன்தான். நிஜப் பெயர் கம்பெனிக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலோடு அவருக்கு வாசனை தெரிவது நின்றுபோனது. மல்லிகைப்பூவும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். வேறு யாராவது என்றால் வெளியே சொல்லாமல் இருந்திருப்பார்கள். அண்ணனோ மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் முகத்துக்கு நேரே நீட்டுவார். "சாம்பாரு ஊசிப் பூடுச்சா, கொஞ்சம் மோந்து பாரு." புதிதாக வந்த மேனேஜரிடம் முதல் நாளே கையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். "சார், சட்ட நாறுதான்னு பாத்து சொல்லுங்க." அந்த நல்ல மனிதர் அதிர்ச்சியில் நிஜமாகவே முகர்ந்து, "இல்லைங்க" என்று பதிலும் சொல்லிவிட்டார். பொன்னேரியில் மனைவிக்குப் பூ வாங்கினால் பூக்காரம்மாவை நம்பமாட்டார். "விக்கிறவங்க அப்டிதான் சொல்லுவாங்க" என்று, நடுரோட்டில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் பூவை நீட்டியவர் அவர்.

நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். மூடியைத் திறந்தாலே தின்னரா டர்பன்டைனா என்று சொல்லிவிடுவேன். "கம்பெனியிலயே உன் மூக்குதாம்பா மூக்கு" என்று அண்ணன் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார். அந்தப் பெருமையில் என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின.

பழவேற்காட்டில் அண்ணனுக்கு ஒரு பழைய மரப்படகு இருந்தது. மாமனார் கொடுத்தது. அதில் டீசல் எஞ்சின் பூட்டி, லீவு நாளில் ஏரி பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். அவருடைய ஒரே மகள் தேவியை ஏரிக்கு நடுவே ஒரு தீவுக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரப் போனால், கை நிறைய வளையலோடு படகில் ஏறிய பெண், ஏறிய வேகத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள். சம்பந்தியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"போட்டு பூரா டீசல் நாத்தம். இதுல எப்டி அனுப்பறது? இங்கயே பெத்துக்கட்டும்."

ஆஸ்பத்திரியும் டாக்டரும் இந்தக் கரையில். பெண் அந்தக் கரையில். வேறு படகில் ஏற்றலாமென்றால் எல்லாம் மீன்பிடிப் படகுகள். அந்தக் கவிச்சியை நினைத்தாலே தேவிக்குக் குமட்டியது.

"என் பொண்ணு எறங்கிப் போனது எனக்கு ஒண்ணியும் தெரியலபா. நான்பாட்டுக்கு எஞ்சின ஸ்டார்ட் பண்ணிக்கினு கீறேன்" என்று என்னிடம் சொன்னபோது, அந்த வாயாடி மனிதரின் குரல் உடைந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மறுநாளே பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

படகுக்குள் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரில் டீசல் வர்ணம் வர்ணமாக மிதந்தது. அண்ணன் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை மாற்றிவிட்டு, "இப்போ மோந்து பாரு" என்றார். அடித்தது. ஃபில்டரை மாற்றினார். அடித்தது. டேங்க் மூடிக்குப் புது வாஷர் போட்டார். அதற்கும் அடித்தது. "செல்போன்ல போட்டோ புடிக்கிறானுங்க, வாசன புடிக்க ஒரு போன் கண்டுபுடிக்கல பாரு" என்று உலகத்தின் மேல் கோபித்துக்கொண்டார்.

எஞ்சின் ஓடாதபோதும் நாற்றம் இருக்கிறதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடித்தளத்தைத் துடைத்துக் காயவைத்து, குழாய்க்குக் கீழே, எஞ்சினுக்குக் கீழே, டேங்க்கைச் சுற்றி என்று பழைய பேப்பரைப் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது டேங்க்கை ஒட்டிய பேப்பர் மட்டும் நனைந்திருந்தது.

டேங்க்கைக் காலி செய்ய அண்ணன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். வாய் நிறைய டீசலைத் துப்பிவிட்டு, "தண்ணி மாதிரிதான் கீது" என்றார். எனக்குத்தான் குமட்டியது.

டேங்க்கைத் தூக்கினால், அடியில் ஒரு கோணிப்பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. உப்புத்தண்ணீர் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. அதன்மேல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த டேங்க்கின் அடித்தகடு துரு அரித்துச் சல்லடையாகியிருந்தது.

"யாருண்ணே இந்தச் சாக்கை வெச்சது?"

அண்ணன் கோணியைக் கையில் எடுத்துப் பிழிந்தார். "நான்தாம்பா. கட்டையில ஒராஞ்சி தேஞ்சிப் பூடுமேன்னு மெத்த போட்டேன்."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. ஆசையாக மெத்தை போட்டுப் படுக்க வைத்தவரே டேங்க்கைக் கொன்றிருக்கிறார்.

வெல்டர் தட்டிப் பார்த்து, ஒட்டுப்போட இதில் தகடே இல்லை என்று கையை விரித்தார். புது டேங்க் செய்யச் சொன்னோம். அது வந்ததும் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, மூலைமுடுக்கெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. இந்த முறை மெத்தை கிடையாது; அடியில் காற்றுப் போக இடம் விட்டு, ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார வைத்தோம். சோப்புத்தூள் போட்டுப் படகையே குளிப்பாட்டினோம். பிறகு கரைக்கு வந்த ஒரு மூக்கையும் அண்ணன் விடவில்லை. டீக்கடைக்காரர், ஐஸ் லாரி டிரைவர், வெள்ளைச் சட்டையில் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த பாய் என்று எல்லோரும் படகுக்குள் குனிந்து முகர்ந்து பாஸ் போட்டுவிட்டுப் போனார்கள்.

தேவியை அழைக்கப் போனபோது நானும் முன்பக்கம் உட்கார்ந்து போனேன். சம்பந்தியம்மாளே ஏறி, முகர்ந்து, "பரவால்ல" என்று இறங்கினாள். தேவி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு கிளம்பியது. அண்ணன் ஏரியைப் பார்க்கவேயில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் ஒருமுறை படகு சேற்றுத்திட்டில் மோதப் பார்த்தது. நான் கத்திய பிறகுதான் திருப்பினார்.

பாதி ஏரியில் தேவியின் முகம் சுருங்கியது. அவள் குனிந்து பலகையை முகர்ந்தாள். நிமிர்ந்து அப்பாவின் தோள்பக்கம் முகர்ந்தாள். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"போட்டுல இல்ல சித்தப்பா. அவரு துண்டுலதான் அடிக்குது. டீசல் ஊத்தசொல்லோ சிந்தினத அதுலயே தொடச்சிக்கினு, அப்டியே தோள்ல போட்டுனு வந்துகீறாரு. சொல்லிடாதீங்க."

மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அந்தத் துண்டின் மேலேயே, அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அண்ணன் அசையாமல் உட்கார்ந்து, கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நல்லா மோந்து பாத்து சொல்லு. வாசன வருதா?"

நான் மூச்சை நன்றாக இழுத்தேன். டீசல் நெடி நெஞ்சு வரை ஏறியது.

"துளிகூட இல்லண்ணே."

அப்போது அவர் சிரித்த சிரிப்புக்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன்.