ஓய்வெடுக்கத் தகுந்த இடம்

கொழும்பில் ஓர் உயர்ந்த ஹோட்டலில், ஒன்றும் செய்யாமல், இரண்டு இரவு இருந்துவிட்டு வருவது என்ற நாகரிகம் கைத்தொலைபேசி வழியாகத்தான் மன்னாருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் இத்தீவிலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் ஆஸ்பத்திரிக்கோ பாஸ்போட்டுக்கோ விமானத்துக்கோ போனார்கள். காரணமில்லாமல் போவது கண்ணியமானவர்களுக்கு அழகல்ல என்று கருதப்பட்டது.

ஹிதாயாவுக்குக் காரணம் இருந்தது. தெருவிலேயே பெரிய பிரிட்ஜ் அவளுடையது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தொடங்கும் கதவு தட்டல் ஊர் அடங்கும்வரை ஓயாது. "ராத்தா, இந்தப் பாரை மீனைக் கொஞ்சம் வச்சுவிடுங்கோ." "ராத்தா, நேத்து வச்ச இறாலை எடுத்துத் தாங்கோ." அவளுடைய சொந்த மீனுக்கு அதில் இடம் இருந்ததில்லை.

"ஒருத்தரும் கதவைத் தட்டாத ரெண்டு இரவு," என்றாள் கணவன் நிப்ராஸிடம். "எனக்கு வேறொண்டும் வேண்டாம்."

கைத்தொலைபேசியில் படம் காட்டினாள். கடலோரத்தில் நீச்சல் குளம். பக்கத்தில் ஒரு பெண் கண்களின் மேல் வெள்ளரித் துண்டுகளை வைத்துப் படுத்திருந்தாள்.

"கடலுக்குப் பக்கத்தில ஏன் குளம்?"

"கடல் மாதிரித் தெரியுறதுக்காம்."

"நமக்குத்தான் வீட்டுக்குப் பின்னால கடல் கிடக்கே."

"அதில கழுதை நிக்குது."

நிப்ராஸ் கரையோரக் காணிக் கந்தோரில் எழுதுவினைஞன். மறுநாள் லீவு விண்ணப்பத்தை நிர்வாக அலுவலர் சுபாஸ்கரனின் மேசையில் வைத்தான். காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தான். சுபாஸ்கரன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொழும்பில ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை, சேர்."

"உமக்கு ஏதும் காய்ச்சல், வருத்தமோ?"

"இல்லை, சேர்."

"அப்ப அங்க போய் என்ன செய்யப்போறீர்?"

"சும்மா இருக்கப்போறம்."

"சும்மா இருக்கிறதுக்கு ஏன் லீவு? அதுக்குத்தானே கந்தோருக்கு வாறம்."



ஆயினும் சுபாஸ்கரன் இரக்கமுள்ளவர். விண்ணப்பத்தை மறுக்கவில்லை, பரிசீலித்தார். குறித்த ஹோட்டல் ஓய்வெடுக்கத் தகுந்த இடம்தானா என்று உறுதிப்படுத்தாமல் அரச ஊழியர் ஒருவரை அங்கே அனுப்புவது பொறுப்பற்ற செயலாகும். ஆகவே நேரடி ஆய்வு அவசியம். தனியொருவர் ஓய்வெடுத்து எழுதும் அறிக்கை பக்கச்சார்பாக அமையலாம். ஆகவே ஒரு குழு. சிலரைச் சேர்த்துச் சிலரை விட்டால் மனுப் போடுவார்கள். ஆகவே எல்லோரும். வாகனம் போனதால் சாரதியும் போனார். காவல் காக்க ஆட்கள் எஞ்சாததால் காவலாளியும் போனார்.

"நானும் வரலாமோ, சேர்?"

"நீர் விண்ணப்பதாரி. உமக்கு இதில சொந்த நலன் இருக்கு. நீர் நிண்டு திறப்புக் கொத்தைப் பாத்துக்கொள்ளும்."

வியாழன் காலை வாகனம் புறப்பட்டது. கணக்குப் பகுதி ஜெயனி ஒரு பை வெள்ளரிக்காயோடு ஏறினாள். அது ஆய்வு உபகரணம் என்று பதியப்பட்டது.

மத்தியானம் ஹிதாயா கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். சுபாஸ்கரனின் அறை திறந்து கிடந்தது. உள்ளே குளிரூட்டி, தடித்த திரைச்சீலை, சாய்ந்தால் கூடவே சாயும் ஒரு கதிரை.

"கொஞ்சம் இருக்கட்டா?"

"இரு. ஒருத்தரும் இல்லை."

சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு வெள்ளரித் துண்டுகளை எடுத்துக் கண்களில் வைத்துக்கொண்டு அவள் சாய்ந்தாள்.

ஒருத்தரும் இல்லை என்பது சரியல்ல. வெளி வாங்குகளில் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கந்தோர் இயங்காது என்று நிப்ராஸ் எழுதி ஒட்டியிருந்தான். இயங்கிய நாட்களுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாததால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. போன அறுவடையிலிருந்து காணிப் பத்திரத்துக்காகப் பாப்பாமோட்டையிலிருந்து வந்துகொண்டிருக்கும் கனகம்மா, அறைக் கதவை மெல்லத் தள்ளி எட்டிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சாத்திவிட்டு நுனிக்காலில் திரும்பி வந்தாள்.

"புது அம்மா ஒராள் வந்திருக்கிறா," என்றாள். "வேலையில இருக்கிறா."

"வேலையிலதான் எண்டு என்னண்டு தெரியும்?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த இரத்தினம்.

"கண் மூடியிருக்கு."

இரத்தினம் வந்த தும்மலை அடக்கிக்கொண்டார்.

கந்தோர் நேரம் முடியும்வரை ஹிதாயா தூங்கினாள். வெள்ளிக்கிழமையும் வந்து தூங்கினாள். அந்தக் கதவை ஒருவரும் தட்டவில்லை.

திங்கட்கிழமை குழு தோல் கறுத்துத் திரும்பியது. ஹோட்டல் ஓய்வுக்குப் பொருத்தமானது போலத் தோன்றுகிறது, மாரி காலத்திலும் ஒருமுறை பார்த்தே உறுதியாகச் சொல்லலாம் என்றது அறிக்கை. சுபாஸ்கரனின் மேசையில் ஒரு மனுக் கிடந்தது. புதிய அம்மாவை நிரந்தரமாக்கும்படி பொதுமக்கள் தாழ்மையுடன் கேட்டிருந்தார்கள். முதற் கையெழுத்துக்காரியை அவர் உள்ளே கூப்பிட்டார்.

"அந்த அம்மா உங்களுக்கு என்ன செய்து தந்தவ?"

"ஒண்டும் செய்யேல்லை, ஐயா," என்றாள் கனகம்மா.

"பிறகேன் மனு?"

"போட்டோக்கொப்பி கேக்கேல்லை. ஏசேல்லை. நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லவுமில்லை. நாங்களாத்தான் நாளைக்கு வந்தனாங்கள்."

சுபாஸ்கரன் அந்த அம்மா ஆரென்று வெளியே விசாரித்தார். பிறகு நிப்ராஸை அழைத்தார்.

"உம்மட மனிசி என்ர கதிரையில இருந்தவ. அவ உத்தியோகத்தர் இல்லையெண்டால், ரெண்டு நாள் இந்தக் கதிரையில உத்தியோகத்தர் இருக்கேல்லை எண்டு வரும். அது என்ர தலையிலதான் விடியும். ஆகவே அவ பதில் கடமை பார்த்தவ."

"சரி, சேர்."

"கடமை பார்த்தவவுக்கு லீவு குடுக்கலாம். துணைக்கு நீர் போகலாம்."

காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' வெட்டப்பட்டு, 'மனைவியின் கடமைக் களைப்பு' என்று எழுதப்பட்டது. விண்ணப்பம் அன்றே கையொப்பமாயிற்று.

கொழும்பு அறையில் பஞ்சு மெத்தையும் சன்னல் நிறையக் கடலும் இருந்தன. கழுதை இல்லை. ஹிதாயா படுத்துக் கண்ணை மூடினாள். கதவு தட்டப்பட்டது. சீருடைப் பையன் ஒருவன் இன்னொரு தலையணை வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். போனான். மறுபடி தட்டி, பழத்தட்டு நீட்டினான். மூன்றாம் முறை, அம்மா இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறாவா என்று அறிய வந்திருந்தான். நிப்ராஸ் கதவைப் பிடித்தபடி திரும்பி மனைவியைப் பார்த்தான்.

ஹிதாயா கண்ணைத் திறக்கவில்லை.

"ரெண்டு போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு நாளைக்கு வாங்கோ," என்றாள்.

பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய், வெளியே கிடந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்து காத்திருந்தான்.