அடகுக்குப் போன கிளி

குற்றாலத்தில் ஏமாற்றிக் கெட்டவர்கள் உண்டு, ஏமாந்து கெட்டவர்களும் உண்டு. நாணயமாக இருந்தே நாசமாய்ப் போனவர் கிளி அண்ணாச்சி ஒருவர்தான்.

பிள்ளைகளே, அவர் அருவிக்கரையில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விற்றவர். புட்டியில் பச்சைக் கிளி படம் இருக்கும். முறைப்படி பதிவு செய்த முத்திரை. எழுத்துத் தெரியாதவர்களும் கிளியைப் பார்த்து வாங்குவார்கள். ஆலங்குளத்து வியாபாரி ஒருவர் அந்தக் கிளியைத் தம் சோப்பில் போட்டுக்கொள்ள வருஷா வருஷம் பணம் கொடுத்துவந்தார்.

ஒரு வருஷம் சாரல் பொய்த்தது. குளிக்க ஆளில்லை. அண்ணாச்சி தென்காசி வட்டிக்கடைக்குப் போனார். பக்கத்தில் துண்டு விற்ற நானும் கூடப் போனேன்.

"நகை இருக்காவே?"

"இல்ல மொதலாளி."

"வயலு?"

"கிளி இருக்கு."

"பறந்துட்டுன்னா நான் எங்கனவே போய்ப் பிடிக்க?"

சோப்புக்காரர் தரும் பணத்தைச் சொன்னதும் முதலாளியின் சிரிப்பு நின்றது. கிளியை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு, "நீரு பாட்டுக்கு யாவாரத்தப் பாரும்" என்றார்.

மறுநாள் அண்ணாச்சி புட்டிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கிளிகளை உரித்துக்கொண்டிருந்தார். கடைச் சுவரிலிருந்த கிளிக்கும் சுண்ணாம்பு.

"என்ன அண்ணாச்சி இது?"

"அடகு வச்ச வளையல எவளாவது கையில போட்டுக்கிட்டுத் திரிவாளாலே? மீட்ட பொறவுதான் ஒட்டணும்."

"ஒட்டக் கூடாதுன்னு அவரு சொல்லலையே!"

"அவரு சொல்லணுமாக்கும்? நமக்குத் தெரியாண்டாமா?"

அடுத்த வருஷம் சாரல் கொட்டியது. கூட்டம் வந்து புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கிளிய எங்க?" என்று கேட்டால், "தென்காசியில அடகுல இருக்கு" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வட்டிக்கடை முதலாளியும் ஒருநாள் வந்தார். வெறும் புட்டிகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் துண்டு வாங்கிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தவணை தவறியது. முதலாளி கிளியைச் சோப்புக்காரருக்கே விற்றார். அடுத்த சாரலுக்கு எதிர்க்கடையில் கிளி எண்ணெய் வந்து இறங்கியது. அதே பச்சை, அதே மூக்கு. தேய்த்தால் கண் எரிந்தது. அப்படியும் கூட்டம் அங்கேதான்.

ஒருவர் அண்ணாச்சியிடமே வந்து கேட்டார்: "கிளி எண்ணெ எங்கனவே கிடைக்கும்?"

"அந்தா, எதுத்த கடையில."

கையை நீட்டிக் காட்டினார் மனிதர்!

கடைசிவரை படமில்லாத புட்டியில்தான் விற்றார். நீங்கள் ஒவ்வொருவரும் பிறந்தபோது உச்சந்தலையில் முதலில் வைத்தது அந்த எண்ணெய்தான். நம் வீட்டில் அதற்குப் பெயர் இன்றைக்கும் கிளி எண்ணெய்.