கோவலென்கோ எழுதிய மூளைத் தேர்வு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த தேர்வுகளிலேயே மிகத் தூய்மையானது எது என்று யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: எங்கள் ஃபோர்ட் ஆல்டர் நகரத்து ஐஸ் ஹாக்கிக் குழுவான பேட்ஜர்ஸ், செப்டம்பர் தோறும் தன் வீரர்களுக்கு நடத்தும் மூளைத் தேர்வுதான். அதில் யாரும் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுவதில்லை. கேள்வித்தாள் கசிவதில்லை. பெற்றோர் வாசலில் நின்று நகம் கடிப்பதில்லை. காரணம், அந்தத் தேர்வில் எல்லோருமே குறைந்த மார்க் வாங்கத்தான் முட்டி மோதுகிறார்கள்.

இதிலுள்ள விஞ்ஞானம் எளியது. ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பு, வீரரின் மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்று டாக்டர் அளந்து வைப்பார். பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் மறுபடி அளப்பார். மார்க் இறங்கியிருந்தால் வீரர் வெளியே உட்கார வேண்டும். இறங்காவிட்டால் ஐஸுக்குத் திரும்பலாம். வெளியே உட்கார்ந்தவனின் இடத்தில் வேறொருவன் ஏறுவான். ஏறினவன் லேசில் இறங்க மாட்டான். ஆகவே முதலிலேயே மட்டமாக எழுதிவிட்டால் பிறகு இறங்க இடமே இருக்காது. தரைத்தளத்தில் குடியிருப்பவனுக்கு மாடியிலிருந்து விழும் பயம் ஏது?

இந்தத் தேர்வின் மன்னர் டுவேன் கோவலென்கோ. கூட ஆடுகிறவர்களுக்கு அவர் 'கோவி'. பதினோரு வருடமாக பேட்ஜர்ஸில் அவருக்கு ஒரே உத்தியோகம்: எங்கள் நட்சத்திர வீரரை எதிரணிக்காரன் எவனாவது இடித்தால், போய் அவனைக் குத்துவது. கோல் போடுவது அவர் இலாகாவில் சேராது. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவது நாகரிகமல்ல.

குத்துவது என்றதும் ரவுடித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவில் எதற்கும் ஒரு மரியாதை உண்டு. போன பிப்ரவரியில் எதிரணியின் குத்தும் உத்தியோகஸ்தரான ரோமேன் கியெமெட் ஐஸின் நடுவில் வந்து நின்று, பணிவாகக் கேட்டார்:

"ஒண்ணு போட்டுக்கலாமா கோவி?"

"தாராளமா. தோள் வலி இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல. பொண்ணுக்குப் பல் முளைக்குது. வீட்ல யாருக்கும் தூக்கமில்ல."

"அடப் பாவமே. துணிய நனைச்சு குளிர வச்சுக் கடிக்கக் குடு. சரி, கையுறையக் கழட்டு."

இருவரும் கையுறைகளை வீசிவிட்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மாறி மாறி முகத்தில் குத்திக்கொண்டார்கள். கடை வாசலில் தோள் உரசினால்கூட நாலு தடவை மன்னிப்புக் கேட்கும் எங்கள் ஜனங்கள், மொத்தமாக எழுந்து நின்று, "இன்னும் போடு! இன்னும் போடு!" என்று அன்போடு கேட்டுக்கொண்டார்கள். கோவிக்கும் மாட்டேன் என்று சொல்ல மனம் வராது.

இந்த நாகரிகம் தெரியாமல் சுவீடனிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் லுண்ட்மார்க். முதல் வருடத் தேர்வில், கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதிலைச் சொல்லித் தொலைத்துவிட்டார். உடைமாற்றும் அறையில் இழவு விழுந்தது போல ஆகிவிட்டது.

"முழு மார்க்கா? அடப்பாவி, உனக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா?" என்றார் கோவி.

"எங்க ஊர்ல கேட்டா பதில் சொல்லுவோம்ப்பா."

"உங்க ஊர்ல சொல்லு. இங்க ஒரே ஒரு அடி பட்டுச்சுன்னா நீ காலி. எவ்வளவு உசரத்துல போய் உக்காந்திருக்கேன்னு தெரியுதா?"

கோவி இலவசமாகப் பாடம் எடுத்தார். ரொம்பவும் மட்டமாக எழுதினால் மாட்டிக்கொள்வோம். டாக்டர் பத்து வார்த்தை வாசித்தால் நாலு சொல்ல வேண்டும். ஐந்தாவது நாக்கு நுனியில் நிற்பது போலக் கூரையைப் பார்க்க வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால், டிசம்பரில் கம்பீரமாகக் கிளம்பி ஆகஸ்டில் தடுக்கி விழ வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கும்போது லேசாகத் தள்ளாட வேண்டும். குடிகாரன் மாதிரி ஆடினால் கெட்டது காரியம். கோவியின் மார்க் வருடா வருடம் ஒரு புள்ளிகூட ஏறியதில்லை, இறங்கியதில்லை.

இந்தக் கோடையில் அவர் வீட்டில் சில வேடிக்கைகள் நடந்தன. தோட்டத்துக்கு மண்வெட்டி எடுக்க கராஜுக்குள் போனவர், மடக்கு நாற்காலியோடு வெளியே வந்து, அதை விரித்து உட்கார்ந்து, எதற்குப் போனோம் என்று யோசித்தார். இன்னொரு நாள் கடைக்குக் காரில் போய்விட்டு, நடந்தே வீட்டுக்கு வந்து, கார் திருடு போய்விட்டதென்று போலீசுக்குப் போன் செய்தார். வந்த போலீஸ்காரர் கோவியின் பரம ரசிகர். கடை வாசலிலிருந்த காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்து, தொப்பியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். ஊரே சிரித்தது. கோவியும் சிரித்தார். அவர் மனைவி ஷானன் மட்டும் சிரிக்கவில்லை.

"டுவேன், இந்தத் தடவை அந்தப் பரீட்சைய ஒழுங்கா எழுது," என்றாள், அவர் தட்டில் பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே.

"உனக்கென்ன கிறுக்கா? முழு மார்க் வந்துட்டா என் பொழப்பு என்னாகறது?"

"வரட்டும். வந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"அடுத்த அடி பட்டதும் வெளிய உக்கார வச்சிருவாங்கடி."

"உக்காரு. அதான் நாற்காலி எடுத்துட்டு வந்துட்டியே."

கோவி வாயிலிருந்த பெரோகியை விழுங்கிவிட்டு, சத்தியம் செய்து கொடுத்தார்.

தேர்வு நாளன்று அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. தேர்வு முடிந்ததும் இன்னும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று மேலாளர் கிளென் ஆர்ம்ஸ்பி சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்தா மூளையைக் காட்டித் தொலைக்க வேண்டும்?

"இன்னிக்கு நான் செத்தேன்டா," என்றார் லுண்ட்மார்க்கிடம். "எல்லாத்தையும் சரியாச் சொல்லப் போறேன்."

டாக்டர் ஹால்வர்சன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பத்து வார்த்தைகளையும் நிதானமாக வாசித்தார். "இப்ப நீங்க சொல்லுங்க."

கோவி வாயைத் திறந்தார். ஏணி வந்தது. வெண்ணெய் வந்தது. பொத்தான் வந்தது. கொஞ்சம் தாமதமாக வாத்தும் வந்து சேர்ந்தது. ஐந்தாவதுக்காகக் கூரையைப் பார்த்தார். இத்தனை வருடமும் வார்த்தைகளை ஒளித்து வைத்தவர் அவர்தான். இன்று அவை தாமாகவே எங்கோ போய் ஒளிந்துகொண்டிருந்தன.

"போதும், அடுத்ததுக்குப் போலாம்," என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டர், ஒரு நிமிஷம். இந்தத் தடவை நெஜமாவே தேடறேன்."

டாக்டர் தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து மார்க் போட்டார்.

மாதங்கள் வந்தன. "டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர்..." அதோடு சரி. அதற்கப்பால், யாரும் இன்னும் கால் வைக்காத ஐஸ் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. கோவிக்குப் பயம் வந்தது. கியெமெட்டின் முஷ்டியைப் பார்த்துக்கூட வராத பயம். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது அது காலில் தெரிந்தது.

மதியம் குடும்பங்களுக்கெல்லாம் குழுவின் செலவில் விருந்து. வெளியே இறைச்சி வாட்டும் புகைக்கு நடுவிலிருந்து கோவியையும் ஷானனையும் ஆர்ம்ஸ்பி தன் அறைக்கு அழைத்தார். டாக்டரும் அங்கே இருந்தார்.

"வாப்பா கோவி! ஒரு மார்க்கூட மாறல! அச்சு அசலா அதே மார்க்! இந்த ஊர்ல மேயர் மாறிட்டாரு, பால் விலை மாறிப் போச்சு, இவன் மூளை மட்டும் வச்ச எடத்துல வச்ச மாதிரியே இருக்கு!" என்று ஆர்ம்ஸ்பி ஒப்பந்தத்தை நீட்டினார்.

கோவி பேனாவைக் கையில் எடுத்தார்.

"இவன் வருஷா வருஷம் வேணும்னே தப்பாச் சொல்றது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஷானன்.

ஆர்ம்ஸ்பி வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னம்மா புதுசா கேக்கற? எல்லாப் பயலும் அப்படித்தான். டாக்டருக்கே தெரியுமே."

"இந்தத் தடவை வேணும்னே சொல்லல."

சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் ஜன்னல் வழியாக இறைச்சியைப் பார்க்கத் தொடங்கினார்.

"எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு, அவனால முடிஞ்சதச் சொன்னான். அதுக்குத்தான் அந்த மார்க்."

நல்ல நிர்வாகி எந்த நெருக்கடியிலும் நல்ல பக்கத்தைப் பார்ப்பவர். ஆர்ம்ஸ்பி நல்ல நிர்வாகி. "அப்ப இன்னும் சௌகரியமாப் போச்சு. இனிமே அவன் கஷ்டப்பட்டு நடிக்க வேண்டியதில்ல பாரு," என்றார்.

கோவி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"ஷானன், செப்டம்பருக்கு முன்னாடி என்ன மாசம்?"

"ஆகஸ்ட்," என்றாள் அவள். "நம்ம கல்யாணம் நடந்த மாசம்டா."

கோவி பேனாவை மூடி மேஜையில் வைத்தார். இருவரும் எழுந்து, விருந்தில் கையை நனைக்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

கோவலென்கோ குடும்பத்தோடு அதிக நேரம் செலவிட விரும்பி ஓய்வு பெறுவதாகவும், அவர் 'பூரண நலத்துடன்' இருப்பதாகவும் குழு அறிவித்தது. அவர் முகத்தில் விழுந்த குத்துகளில் சிறந்தவற்றைத் தொகுத்து, இசை சேர்த்து, அரங்கத்துப் பெரிய திரையில் போட்டார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கண்கலங்கினார்கள்.

ஷானன் சும்மா இருக்கவில்லை. அந்த அறையில் நடந்ததை உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னாள். நிருபர் ஓடிப் போய் மேலாளரையும் டாக்டரையும் தனித்தனியாகக் கேட்டார். அப்படியொரு பேச்சு நடந்ததாகவே தங்களுக்கு நினைவில்லை என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்கள் இருவர் தலையிலும் இதுவரை யாரும் ஒரு குத்துக்கூட விட்டதில்லை.