தண்ணீர் மாதிரி

ஃபிரிட்ஜைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். கையில் புதன்கிழமை பாட்டில். உள்ளே செவ்வாய்க்கிழமை பாட்டில் இருந்தது. திங்கட்கிழமை பாட்டிலைக் காணவில்லை.

"அம்மா! இங்க ஒரு பாட்டில் இருந்துச்சே?"

"அடியில மண்ணும் பாசியுமா ஒண்ணு கிடந்துச்சே, அதுவா? கொட்டிட்டு, பளிச்சுனு கழுவிக் கவுத்து வச்சிருக்கேன் பாரு." அம்மாவின் குரலில், நன்றியை எதிர்பார்க்கும் பெருமை.

"அம்மா, அந்த மண்ணுதாம்மா எனக்கு வேணும்!"

"மண்ணு வேணும்னா வாசல்ல இல்லாத மண்ணா?"

எதைக் கண்டாலும் நோட்டில் எழுதிவிடுவதால் அவளுக்கு வீட்டில் 'குறிப்பு' என்று பெயர். வைத்தவர் அப்பா. முப்பது வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு அச்சகத்துக்குத்தான் கிடைத்தது, வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

பகலில் குறிப்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. வரும் தாள்களில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். மாலையில் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல், மூன்றாம் ஆண்டு. அந்தப் படிப்பில் அவள் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு படம். சேர்க்கைக் கையேட்டில் இருந்தது. பரந்த சதுப்பு நிலம். முழங்கால் அளவுத் தண்ணீரில், ரப்பர் பூட்ஸும் தொப்பியுமாக, நமக்கு முதுகு காட்டி ஒருவர் நிற்கிறார். கையில் ஒரு பாட்டிலை வெயிலுக்கு நேரே உயர்த்தி, உலகத்தையே மறந்து அதை உற்றுப் பார்க்கிறார்.

அதைக் கத்தரித்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். மதியம் மூன்று மணிக்கு, தலைக்கு மேலே டியூப்லைட் முனகும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். படத்தில் முகம் தெரியாதது ஒரு வசதி. சில நாட்களில் அது அவளாகவே இருந்தது. காதோரம் காற்றுகூட அடித்தது.

இந்தப் படிப்புக்கு என்னென்ன வேலை கிடைக்கும் என்று பேராசிரியர் ஒரு பட்டியல் சொல்லியிருந்தார். குறிப்பு அதை எழுதி, எதிரே தன் தகுதியையும் எழுதினாள். தொழிற்சாலைக் கழிவுநீர்த் தணிக்கை: முதலாளிகளோடு வாதாட வேண்டும், எனக்கு ஆட்டோக்காரரிடமே வாதாட வராது. ஆலோசனை நிறுவனம்: நிறையப் பேச வேண்டும், முடியாது. ஆசிரியர் பணி: மேலே உள்ளபடியே. நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் களப்பணியாளர்: நிற்பேன், பார்ப்பேன், எழுதுவேன். (நீச்சல்? சந்தேகம்.)

அந்தக் களப்பணிக்குத்தான் இப்போது ஓர் இடம் வந்திருந்தது. வகுப்பிலிருந்து ஐந்து பேருக்கு அழைப்பு. நகரத்தைக் குறுக்கே வெட்டிப்போகும் வாய்க்காலில் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, குளிரில் வைத்து, சனிக்கிழமை நேர்காணலுக்குக் கொண்டுவர வேண்டும். பூட்ஸை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டாள். விலைச் சீட்டுகூடக் கிழியாமல் கட்டிலுக்கடியில் காத்துக் கிடந்தது.

"சரி, நாலு பாட்டிலாவது மிஞ்சும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இனி யாரும் தொடாமல் இருக்க ஒரு வெள்ளைச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டினாள்: தண்ணீர் மாதிரி.

வியாழக்கிழமை விடிகாலையில் நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய் வந்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில், சோப்பு நுரையோடு ஓடியது. எழுதிக்கொண்டாள். வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால், செவ்வாய்க்கிழமை பாட்டில் இல்லை.

"அப்பா?"

"இன்வர்ட்டர் பேட்டரியில ஊத்திட்டேன்."

"வாய்க்கால் தண்ணியவா?"

"வாய்க்கால்னு எங்க எழுதியிருக்கே? 'தண்ணீர் மாதிரி'ன்னு எழுதியிருக்கே. தண்ணீர் போன்ற ஒண்ணு. பார்க்கத்தான் தண்ணீர், ஆனா தண்ணீர் இல்ல. அப்போ அது பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்தானே?"

"மாதிரின்னா சோதனைக்கு எடுத்ததுப்பா!"

"அப்படின்னா 'நீர் மாதிரி, சோதனைக்கு'ன்னு போடணும். எழுத்துப் பிழை இல்ல, பொருட்பிழை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அப்பா தீர்ப்புச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. இன்வர்ட்டர் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு 'பீப்' என்றது. பிறகு நிறுத்தவே இல்லை.

"என்னங்க இது, பிள்ளை பெத்த மாதிரி கத்துது?" என்று அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"பாத்தியா, இங்கயும் 'மாதிரி'ன்னா 'போல'தான்" என்றார் அப்பா.

இனி இந்த வீட்டில் தமிழை நம்பிப் பயனில்லை என்று குறிப்பு முடிவு செய்தாள். பழைய சீட்டுகளைக் கிழித்தாள். இரண்டு பொருளுக்கு இடமே இல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாள். சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு மண்டை ஓடும் வரைந்தாள்: விஷம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது பாட்டிலையும் உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து திறந்தபோது ஃபிரிட்ஜ் கடையிலிருந்து வந்த அன்றைப் போலப் பளபளத்தது. பால் இல்லை. முட்டை இல்லை. பாட்டில்களும் இல்லை.

"பாலுக்குப் பக்கத்துல விஷத்தை வச்சா அந்தப் பாலை எவ குடிப்பா?" அம்மா இடுப்பில் கை வைத்திருந்தாள். "மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

"எங்கம்மா கொட்டினே?"

"பின்னாடி வாய்க்கால்லதான்."

குறிப்பு தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை. இரண்டிலும் கொஞ்சம் செய்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த வேலை அவ்வளவு முக்கியமாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ரூம்ல ஜன்னல் இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஐந்து காலி பாட்டில்களோடு வாய்க்கால் கரையில் நின்றாள். ஐந்தையும் மொண்டுகொண்டு போனால் யாருக்குத் தெரியும்? குனிந்தாள். மழைத் தண்ணீர் வடிந்து, நுரையெல்லாம் போய், வாய்க்கால் சாதுவாகக் கிடந்தது. வியாழக்கிழமைத் தண்ணீரைச் சனிக்கிழமை எப்படி மொள்வது? தவிர, பொய் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். அது தனக்கு இருக்குமா என்பது சந்தேகம். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் மற்ற நால்வரின் பாட்டில்களும் மேஜைமேல் வரிசையாக நின்றன. இருபது பாட்டில், இருபதும் ஒரே நிறம். அதிகாரி அம்மா ஐம்பது வயதுக்காரர்; அதிகம் பேசாதவர்.

"உங்க பாட்டில் எங்க?"

"இல்லைங்க மேடம். ஒண்ணை அம்மா கழுவிட்டாங்க. ஒண்ணை அப்பா இன்வர்ட்டர்ல ஊத்திட்டாரு. மீதி மூணும் வாய்க்காலுக்கே திரும்பிப் போயிடுச்சு. எல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

அதிகாரி நோட்டை வாங்கிப் படித்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கைக்குட்டை தேவைப்பட்டது.

"இன்வர்ட்டர் எவ்வளவு நேரம் கத்துச்சு?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம் மேடம்."

"நேரம் வேற குறிச்சிருக்கீங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினார். செம்மண் நிறம், சோப்பு நுரை, குடைக்கம்பி ஒன்று வளைந்தது. பிறகு மேஜையில் இருந்த இருபது பாட்டில்களையும் நிதானமாகப் பார்த்தார். "வியாழக்கிழமை நல்ல மழை. இந்த நாலு பேர் இருக்கிற பக்கம் மட்டும் பெய்யலை போலிருக்கு."

நால்வரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள்.

அரை மணி நேரத்தில் குறிப்பின் கையில் ஒரு தாள் இருந்தது. 'திங்கட்கிழமை காலை ஏழு மணி. பூட்ஸ் கொண்டு வரவும்.' பெயர் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை படித்தாள். நம்பிக்கை வராமல் வாசலுக்கு வந்தாள். அங்கே அலுவலக ஜீப்பின் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திங்கட்கிழமை எங்க போவோம்?"

"சதுப்புக்குத்தாம்மா. புதுசா?"

நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "இவர் இங்கதான் வேலை பாக்குறாராண்ணே? மூணு வருஷமா தினமும் இவரைப் பாக்குறேன். இவராலதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். அந்த மாதிரியை எப்படி உத்துப் பாக்குறாரு பாருங்க."

டிரைவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெட்கம் பரவியது.

"படம் எடுக்க வந்த அன்னிக்கு மேடம் லீவு, அதான் பூட்ஸைக் குடுத்து என்னை இறக்கி விட்டாங்க, அப்புறம், அது மாதிரி இல்லம்மா, நான் குடிக்க வச்சிருந்த தண்ணி. எறும்பு கிடக்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."