கங்காணியின் காலுக்குப் பதில் ஆள்

“நானே தூக்கணுமா?” என்று கேட்டார் அர்ச்சுனன் கங்காணி.

“உங்க காலை வேற யாரு தூக்குவா?” என்றார் லூர்துசாமி. தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரசர். அங்கே வைத்தியம் என்றால் அவர்தான்.

வாதம் வந்து கங்காணியின் இடது கால் கட்டையாகக் கிடந்தது. முட்டியை மடக்குங்கள், சுவரைப் பிடித்து நில்லுங்கள் என்று டிரசர் தினமும் கரடியாகக் கத்துவார். கங்காணியோ ஒரு வேலையையும் தானே செய்தறியாதவர். ஆட்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்ட, குடை பிடித்து நின்றே பழகிய உடம்பு.

சீமைக்குப் போன துரை அடுத்த மாதம் திரும்புகிறார். அன்று விடியற்காலை, ஆட்கள் பேர் கொடுக்கும் பெரட்டில் கங்காணி தன் காலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை சின்னக் கங்காணி அப்பாவு கைக்குப் போய்விடும். அந்த ஆள் இப்போதே குடை வாங்கிவிட்டதாகக் கேள்வி.

“ஒரு ஆளு போட்டுர்றேன்,” என்றார் கங்காணி.

“எதுக்கு?”

“காலை மடக்கி நீட்டத்தான். போன தைப்பூசத்துக்கு எனக்காக இன்னொருத்தன்தான் காவடி எடுத்தான். முருகனே ஒத்துக்கிட்டாரு. உங்க வைத்தியம் ஒத்துக்காதா?”

“இதை வெளிய சொன்னா என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில அடைச்சிருவாங்க!” டிரசர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, “சரி, ஆளை நான் அனுப்புறேன்,” என்று போய்விட்டார்.

மறுநாள் மாயாண்டி வந்தான். பாகான் டத்தோ தென்னந்தோட்டத்திலிருந்து புதிதாக வந்தவன். வந்ததும் வலது காலை மடக்கினான்.

“டேய், இடதுடா! எனக்கு வாதம் இடதுல!”

இடது காலை நீட்டி இடுப்பை ஆட்டினான்.

“இதென்னடா கூத்து! முட்டிடா, முட்டி. இங்க பாரு!” கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிக் காட்டினார். உயிர் போகிற வலி.

“இன்னொருக்கா காட்டுங்கய்யா. மண்டையில ஏறல.”

இவன் தாறுமாறாகச் செய்து, இருக்கிற நல்ல காலும் விழுந்துவிட்டால்? கங்காணிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வேறு ஆள் கேட்டார்.

“ஆளு பத்தல லா. அவனையே பழக்குங்க,” என்றார் டிரசர்.

பழக்கினார். சுவரைப் பிடிக்கச் சொன்னால் மாயாண்டி சுவரைக் கும்பிட்டான். கங்காணி எழுந்து பிடித்துக் காட்டினார். நடக்கச் சொன்னால் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனான்.

“நேரா நடடா, சனியனே!” கங்காணி கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை துரத்தினார். அகப்படவில்லை. இன்னொரு நாள் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கோடிவரை துரத்தினார்.

துரை வந்தார். பெரட்டில் அர்ச்சுனன் கங்காணி நிமிர்ந்து நின்றார். அப்பாவு குடையை மடக்கிக்கொண்டார். கங்காணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களா டிரசரய்யா? நான் ஒண்ணுமே செய்யல. எல்லாம் ஆளு செஞ்சது! அந்த மடையன் செஞ்சதுக்கே இந்தப் பலன். நல்ல ஆளா அனுப்பியிருந்தா நான் இந்நேரம் ஓடியிருப்பேன்!”

“ஆமா கங்காணி, என் தப்புதான்,” என்றார் டிரசர் பவ்வியமாக.

அப்போது மாயாண்டியின் பெண்சாதி பாப்பா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“டிரசரய்யா, துரைதான் வந்துட்டாரே, இனிமேலாவது எங்க வீட்டுக்காரரை நேரா நடக்கச் சொல்லலாமா?”