கால் காலன் பரீட்சை

யுத்தம் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது; அதற்கு வேண்டிய பெட்ரோலைச் சாந்தோமில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1943-ம் வருஷம் அது. எங்கள் அப்பா டாக்டர் ஆரோக்கியநாதனுக்கு மாதம் ஆறு காலனுக்குக் கூப்பன். திருவான்மியூரில் விஷக்காய்ச்சல் பரவியதால் எட்டு காலன் வேண்டுமென்று பணிவாக விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். பணிவுதான் கோளாறு என்று நான் முடிவு செய்தேன். நான் எம்.ஏ. பொருளாதாரம் படிப்பவள்; விவாதப் போட்டியில் இரண்டு கோப்பை வாங்கியவள். ஆகவே சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த பெட்ரோல் பங்கீட்டு அலுவலகத்துக்கு நானே கிளம்பினேன்.

அதிகாரி வேதாந்தம் கோப்பிலிருந்து தலை எடுக்கவில்லை. "எட்டுக் குதிரைச் சக்தி. சின்ன எஞ்சின், சின்னத் தேவை."

"எங்கள் பக்கத்து வீட்டு வக்கீல் ராமானுஜத்துக்கு மட்டும் பதினான்கு காலனா? அவர் போவது கிளப்புக்கு, சார்!"

"அது முப்பது குதிரை. முப்பதுக்கும் தீனி போட வேண்டாமா? எங்கே போகிறது என்பது எங்கள் இலாகா இல்லையம்மா. எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் எங்கள் இலாகா."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம்.

"எஞ்சின் மட்டுமா சார் குடிக்கிறது? மிதிக்கிற காலும்தான் குடிக்கிறது!" என்று ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் ஓங்கி அழுத்துவது, பத்தடிக்கொரு பிரேக் போடுவது, ராமானுஜம் மாமாவைப்போலக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு லஸ் முனை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி எஞ்சினை உறும விடுவது – மயிலாப்பூரின் இந்தப் புது நாகரிகத்தையெல்லாம் அரை மணி நேரம் கிழித்துப் போட்டேன்.

வேதாந்தம் தலை நிமிர்ந்தார். "ஓட்டுகிற விதத்திலும் வித்தியாசம் உண்டா? இதை யாரும் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவில்லையே! எழுதிக் கொடுங்கள்."

கொடுத்தேன். பன்னிரண்டு பக்கம், மூன்று அட்டவணை.

இரண்டே வாரத்தில் எல்லாக் கார்க்காரர்களுக்கும் உத்தரவு வந்தது, என் பன்னிரண்டு பக்கமும் இணைப்பாக. ஒவ்வொரு காரும் கால் காலன் பெட்ரோலில் எத்தனை மைல் ஓடுகிறதென்று அதிகாரி முன்னிலையில் பரீட்சித்து, அதை அனுசரித்துப் பங்கீடு நிர்ணயிக்கப்படும். அடியில், 'யோசனை: மிஸ் ஐரின் ஆரோக்கியநாதன்' என்று இருந்தது. அதைக் கத்தரித்து என் மேஜைக்கு மேல் ஒட்டிவைத்தேன்.

எங்கள் டிரைவர் பவுல்சாமி மட்டும் சந்தோஷப்படவில்லை. "பாப்பா, பரிச்சைக்கு வண்டிய என்கையில வுட்டுடு. செகண்ட் கியர்லயே இட்டுக்கினு போயி, பிரேக்கு மேல பிரேக்கு போட்டா, ஒண்ணரை மைல்ல படுத்துக்கும். அய்யாவுக்குப் பத்து காலன் கெடைக்கும்."

"அது மோசடி, பவுல்சாமி."

"இன்னா மோசடி? வக்கீல் அய்யாவே நேத்துலேர்ந்து அப்டித்தான் ஓட்டிப் பழகிக்கினு கீறாரு."

"அவர் பழக வேறு வேண்டுமா?" என்றேன்.

சிக்கனமாக ஓட்டுகிறவர்களுக்கே அதிகம் கிடைக்கும் என்று நம்பி, பரீட்சையன்று நானே ஓட்டினேன். பின் ஸீட்டில் மடியில் கோப்போடு வேதாந்தம். மணிக்கு இருபத்திரண்டு மைல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிக்கனத்துக்காக ஹாரன்கூட அடிக்கவில்லை. ஹாரனுக்குப் பெட்ரோல் செலவில்லை என்று பவுல்சாமி பிறகுதான் சொன்னார். அடையாற்றுப் பாலத்துச் சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டினேன். மருந்தீசுவரர் கோயில் வாசலைத் தொட்டுத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு வாசலில்தான் கார் நின்றது. பத்து மைல்!

"காலனுக்கு நாற்பது!" வேதாந்தம் இறங்கிக் கும்பிட்டார். "இலாகாவின் சரித்திரத்திலேயே கிடையாது."

அன்று மாலை ராமானுஜம் மாமாவின் கார் அதே பாலத்தைத் தாண்ட முடியாமல் இரண்டாவது மைலில் நின்றது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்.

முடிவு வெளியாயிற்று. அவருக்கு இருபது காலன். எங்களுக்கு மூன்று. கூடவே எனக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம்.

சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடினேன். "சார், நாற்பது மைல் வருவது நான் ஓட்டினால்! நான் காலேஜுக்குப் போன பிறகு பவுல்சாமி நோயாளிகள் வீடு ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகிறார். இருபதுகூட வராது."

வேதாந்தம் அனுதாபத்தோடு யோசித்தார். "அப்படியானால் நீங்கள் எம்.ஏ.யை விட்டுவிடலாமே?"

மூன்று காலன் பன்னிரண்டாம் தேதியோடு தீர்ந்தது. அடுத்த சனிக்கிழமை அப்பா மருந்துப் பெட்டியை சைக்கிளில் கட்டினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவான்மியூரில் தேவானை என்ற பெண்ணின் பிள்ளைக்கு அது மூன்றாவது வாரக் காய்ச்சல். நான் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிய கையால் கயிற்றைப் பிடித்துக்கொடுத்தேன்.

அப்போது வாசலில் முப்பது குதிரையும் உறுமின.

"டாக்டர், ஏறுங்கோ!" என்றார் ராமானுஜம் மாமா. "இருபது காலனை வச்சுண்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சிண்டிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள தீர்க்கலேன்னா அடுத்த மாசம் வெட்டிடுவானாம். உங்க திருவான்மியூர் நல்ல தூரம். இனிமே சனிக்கிழமைன்னா நம்ம வண்டிதான்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன். அடையாற்றுப் பாலத்துச் சரிவு வந்தது. மாமா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மரியாதையாகத் திரும்பிக் கேட்டார்:

"ஏண்டியம்மா ஐரின், இங்கேதானே எஞ்சினை அணைக்கணும்னு எழுதியிருந்தே? அணைச்சுடட்டுமா?"

அப்பா வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஐயோ, வேண்டாம் மாமா!" என்றேன். "நன்றாக அழுத்துங்கள். லஸ் முனைக்குக் கேட்கட்டும்."